அச்சமும் மருட்கையும்: நடுநாட்டு மண்ணில் சமைந்த வெளிகள்

விருத்தாசலத்திற்கு முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பழம்பெயர்கள் உண்டு. பீங்கான் நகரம் என்னும் பெயர் அண்மைக் காலத்தது. நெய்வேலி நிலக்கரிப் படுகையை ஒட்டிய வெண்களிமண், பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கல்வி நிறுவனம் ஆகியவை அப்பெயரை ஊருக்கு ஈட்டித் தந்தன. மின்சார ஃபியூஸ் கேரியர்களும் அகல்விளக்குகளும் கொலுப் பொம்மைகளும் இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளியேறி நாடெங்கும் சென்றன. எல்லாம் கைக்குள் அடங்கும் பொருள்கள். பயன் தருவன, கண்ணுக்கு இனியன. ஆனால் மணிமுத்தாற்றின் இருகரையிலும் பரந்து கிடக்கும் நடுநாட்டு மண்ணுக்கு இவற்றினும் மூத்த பணி ஒன்று இருந்தது. மனிதரை நடுங்க வைப்பதும், நடுங்கியவரை அதே இடத்தில் கைகூப்ப வைப்பதுமே அப்பணி.

மேலைநாட்டுக் கலையுலகில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிறுவுகலை என்னும் துறை தனித்து வளர்ந்தது. சட்டகத்துள் அடங்கிய ஓவியத்தையும் பீடத்தின்மேல் நின்ற சிற்பத்தையும் விடுத்து, பார்வையாளர் உள்ளே நுழைந்து தம்மைச் சுற்றிலும் உணரத்தக்க முழு வெளியையே படைப்பாக்குவது அதன் இயல்பு. அச்சத்தையும் அச்சத்தினூடே எழும் பெருவியப்பையும் தூண்டுவது அத்துறையினர் பலரின் நோக்கம். 2014இல் கொச்சி முசிறிஸ் பினாலேயில் அனிஷ் கபூர் அமைத்த நீர்ச்சுழல் அவ்வகையினது. பழைய துறைமுகக் கட்டடத்தின் தரையில் நீர் ஓயாது சுழன்று கீழிறங்கியது. விளிம்பில் நின்றவர் தம் கால்களையே நம்பாமல் நின்றனர். இத்தகைய முயற்சிகள் புதியன எனப் போற்றப்படுகின்றன. பெயர் புதிது என்பதில் ஐயமில்லை. செயல் புதிதா என்பதே வினா.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் எவற்றின்கண் பிறக்கும் என நான்கு நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் ஆகிய நான்கும் அச்சத்திற்குக் களன்கள். மருட்கை, அதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினும் பிறக்கும். இப்பட்டியலைச் செய்யுள் உறுப்பு என்ற அளவில் வகுப்பறையில் படித்து முடித்துவிடுவது வழக்கம். ஆயினும் மெய்ப்பாடு என்னும் சொல்லே உடலின்கண் தோன்றும் குறியைச் சுட்டுவது. மயிர் சிலிர்ப்பதும் கால் தளர்வதும் மெய்யில் நிகழ்வன. ஆகவே சொல்லால் மட்டுமன்றி, இடத்தால், உருவால், ஒளியால், நிழலால் ஓர் உடலைத் தீண்டும் எந்தக் கலைக்கும் இந்நூற்பாக்கள் இலக்கணமாக அமைய வல்லன. இதற்கான சான்று ஏடுகளில் இருப்பதைவிட ஊர் எல்லையில் மிகுதி.

அய்யனார் கோயில் ஊருக்குள் இருப்பதில்லை. சிலப்பதிகாரக் கனாத்திறம் உரைத்த காதையில் சாத்தனுக்கு வழங்கும் புறம்பணையான் என்னும் பெயரே, வெளிப்புறத்து வயல்நிலத்தில் உறைபவன் என அவனது இருப்பிடத்தைத் தாங்கி நிற்கிறது. வீடுகள் முடிந்து, வயல் கடந்து, ஏரிக்கரை ஏறி இறங்கினால் மரங்கள் அடர்ந்த ஒரு சோலை. அங்கே கிளை ஒடிக்கவும் அஞ்சுவர். பகலிலும் மங்கலான ஒளி. அந்த மங்கலுக்குள் முதலில் தெரிவது முழுக் குதிரை அன்று. ஒரு கால், அல்லது மரத்தின் இடைவெளியில் பற்கள் தெரியும் ஒரு வாய். நெருங்க நெருங்கத்தான் வரிசை புலனாகும். ஆளுயரத்தை இருமடங்கு கடந்த குதிரைகள், அவற்றின் கழுத்து மணிகள், பிடித்து நிற்கும் வீரர்கள், காலடியில் நாய்கள், அருகே யானைகள். பெரிய விழிகளுடனும் ஓங்கிய அரிவாளுடனும் அமர்ந்த முனிகள். ஓரமாகச் சிறு உருவங்களாய்க் கன்னிமார் எழுவர்.

தொல்காப்பியர் கூறிய நான்கு களன்களும் இச்சோலையில் ஒருங்கே கூடுவதைக் காணலாம். கன்னிமாரும் முனியும் கருப்பும் அணங்கு. புரவியும் யானையும் நாயும் விலங்கு. கள்வர் நேரில் இல்லை. ஆனால் ஓங்கிய அரிவாள் அவர்களை நோக்கியே ஓங்கியிருப்பதால், அவர்கள் வரும் இருள்வழி அங்கே உணர்த்தப்படுகிறது. அய்யனாரோ ஊரைக் காக்கும் இறை, தவறியவரைத் தண்டிக்கும் இறையும் அவரே. இரவில் அவர் தம் படையுடன் குதிரையேறி எல்லையைச் சுற்றிவருவார் என்ற நம்பிக்கை பரவலானது. அந்நேரத்தில் எதிர்ப்படலாகாது என்பர். பகலில் அசையாது நிற்கும் மண்ணுருவை இரவில் ஓடுவதாக எண்ணிக்கொள்பவர், அதைப் பகலிலும் வெறும் மண்ணாகக் காண முடியாது. பார்வையாளரின் மனத்தில் படைப்பின் ஒரு பாதியை விட்டுவைக்கும் இவ்வுத்தியை எந்தக் கலைப்பள்ளியும் வேட்கோவருக்குக் கற்பித்திருக்க இயலாது.

மருட்கையின் களன்களும் அங்கேயே உள்ளன. குதிரையின் உயரம் பெருமை. அதன் குளம்பருகே நேர்த்திக்கடனாக வைக்கப்பட்ட விரலளவு மண்பொம்மைகள் சிறுமை. புதுமை, ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் உருவால் வருகிறது. நான்காவதாகிய ஆக்கத்தை, ஒன்று பிறிதொன்றாகத் திரிதல் எனக் கொண்டால், சூளையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நீரில் கரையும் ஏரிமண் நெருப்பினுள் சென்று கரையாப் பொருளாக வெளிவருகிறது.

பெருங்குதிரை செய்யும் முறை தனியே கவனிக்கத்தக்கது. களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். உமி சூளையில் எரிந்துபோய் நுண்துளைகளை விடுவதால் தடித்த சுவரும் வெடிக்காமல் வேகும். முதலில் நான்கு கால்கள், உள்ளீடற்ற உருளைகளாக எழும். அவை ஓரளவு காய்ந்து சுமை தாங்கும் பதம் வரும்வரை காத்திருப்பர். பின்னரே வயிற்றுப் பகுதி, திரிதிரியாக மண் சேர்த்து, உள்ளே கல்லோ கட்டையோ அணைத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டி வளர்க்கப்படும். ஒரே நாளில் அவசரப்பட்டு உயர்த்தினால் தன் பாரத்தாலேயே உருவம் சரியும். ஆகவே உயரம் என்பது கைத்திறனால் மட்டும் வருவதன்று, பொறுமையால் வருவது. மிகப் பெரிய உருவங்களைத் தூக்கிச் சூளைக்குக் கொண்டுசெல்ல இயலாமையால், அவை நின்ற இடத்திலேயே அவற்றைச் சுற்றி விறகும் வறட்டியும் வைக்கோலும் அடுக்கி மேலே மண் பூசிச் சூளையாக்குவர். குதிரைக்குச் சூளை செய்வதா, சூளைக்குள் குதிரை வளர்வதா என்று பிரிக்கவியலாத நிலை அது. இறுதியில் வண்ணம், அதன்பின் கண் திறப்பு. கண் திறக்கும்வரை அது வேளாரின் பண்டம். திறந்தபின் செய்தவரும் அதன்முன் வணங்கியே நிற்பார்.

தென்மாவட்டங்களில் புரவியெடுப்புக்கு முன் ஊரார் பிடிமண் கொடுப்பது மரபு. கோயில் மண்ணில் ஒரு பிடியை வேளார் கையில் கொடுத்தபின்பே வேலை தொடங்கும். அந்தப் பிடிமண்ணால் ஊர் முழுவதும் படைப்பில் பங்கு கொண்டதாகிறது. தாம் கொடுத்த மண்ணே தம்மை அச்சுறுத்தும் உருவாக எழுந்து நிற்பதை ஊரார் அறிந்தே வணங்குகின்றனர்.

ஆங்கில அழகியலில் இப்பொருளை முதன்முதலாக விரித்துப் பேசியோருள் எட்மண்ட் பர்க் குறிப்பிடத்தக்கவர். 1757இல் வெளிவந்த அவரது நூல் பெருவியப்பின் வேர் அச்சமே என வாதிட்டது. தெளிவின்மை அச்சத்தை மிகுவிக்கும் என்றும், பழஞ்சமயத்தார் தம் கோயில்களை இருளில் வைத்தது இதனாலேயே என்றும் அவர் கருதினார். பேருருவைப் போலவே மிக நுண்ணிய உருவும் ஓரளவு அவ்வுணர்வைத் தரும் என அவர் ஒப்புக்கொண்டது, பெருமையையும் சிறுமையையும் அடுத்தடுத்து வைத்த தொல்காப்பியத்தை நினைவூட்டும். ஆயினும் அவரது கொள்கையின் அச்சாணி வேறு. இடர் மிக அருகில் வந்தால் அது துன்பம் மட்டுமே. சற்றுத் தொலைவில் இருக்கும்போதுதான் அது இன்பமாக மாறும் என்பது அவர் முடிவு. கரையில் நிற்பவனுக்கே புயற்கடல் அழகு. கண்காட்சிக் கூடத்து நிறுவுகலை பெரும்பாலும் இந்த உறுதிமொழியின் மேல்தான் நிற்கிறது: அஞ்சலாம், ஆனால் ஒன்றும் நேராது.

தமிழ் மரபு தொலைவை நம்பவில்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதற்குச் சான்று. அங்கே விரிவாகக் காட்டப்படும் சுடுகாடு வெறும் பின்புலம் அன்று. மதிலும் வாயில்களும் மரங்களும் நினைவுச் சின்னங்களும் கொண்ட முழு வெளி. அதனுள் அறியாது நுழைந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பேய்மகளின் கூத்தைக் கண்டு அஞ்சியே உயிர்விடுகிறான். அவன் தாய் கோதமை தெய்வத்திடம் முறையிடும் பகுதி அக்காப்பியத்தின் உருக்கமான இடங்களுள் ஒன்று. அஞ்சியவன் இறந்தான், அழுதவள் தெய்வத்தையே எதிரில் வரவழைத்தாள் என்ற அந்த முரணைச் சாத்தனார் தற்செயலாக அமைத்திருக்க முடியாது. வெளி ஒன்றே, வந்த முறை வேறு. சடங்கின் துணையோ கேள்வியோ இன்றி வந்தவனை அச்சம் கொன்றது. கேள்வியோடு வந்தவளுக்கு அதே இடம் உலக அமைப்பையும் வினையின் இயல்பையும் காட்டியது.

கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் காடு பாடியும் கோயில் பாடியும் எழுப்பிய காளியின் இருப்பிடம் இவ்வகையில் இன்னொரு எல்லை. கட்டுமானப் பொருள்களே போர்க்களத்திலிருந்து வந்தவை. கேட்போர் நடுங்கவும் வேண்டும், இடையிடையே நகைக்கவும் வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். பேய்களின் பசி அந்நகைப்புக்கு இடந்தருகிறது.

சொல்லில் எழுந்த அப்போர்க்களம் மண்ணில் எழும் இடம் நடுநாட்டிலும் தொண்டைநாட்டிலும் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் உண்டு. பல நாள் பாரதப் பிரசங்கம், பல இரவு தெருக்கூத்து, இறுதியில் படுகளம். கோயிலை அடுத்த வெட்டவெளியில் துரியோதனனின் உருவம் மண்ணால் சமைக்கப்பட்டு மல்லாந்து கிடக்கும். கைகள் விரிந்தும் விழிகள் திறந்தும் வண்ணம் பூசிக் கிடக்கும் அவ்வுருவம் பல பத்தடி நீளமுடையது. தரையில் நிற்பவர் அதை ஒருசேரக் காண இயலாது. பாதத்தருகே நின்றால் முகம் மறையும். முகத்தருகே வந்தால் அது முகம் என்பதே மறந்து மேடாகத் தோன்றும். சுற்றி நடந்து, துண்டுதுண்டாகக் கண்டு, மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும். நின்றெழும் சிலை அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. கிடக்கும் உருவமோ நடக்கச் செய்கிறது. மக்கள் திரள் அதனைச் சூழ்ந்து நெருக்கும்போது எது அரங்கு, எது அவை எனப் பிரிக்க முடியாது.

அன்று காலை, இரவெல்லாம் ஆடிக் களைத்த கூத்தர்கள் வேடத்துடனேயே களத்திற்கு வருவர். வீமனும் துரியோதனனும் அம்மண்ணுருவின் மேலும் சுற்றியும் ஓடிப் போரிடுவர். தொடையில் புதைத்த கலம் உடைய, செந்நீர் பெருகும். அதைத் தொட்டுத் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படும். காந்தாரியின் ஒப்பாரி எழும்போது கூட்டத்துப் பெண்கள் பலரும் மெய்யாகவே அழுவர். பகைவன் மடிந்ததற்கு மகிழ வேண்டிய அவை, அவன் தாய்க்காக அழுகிறது! அச்சம், வெகுளி, அழுகை என மெய்ப்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இவ்விடத்தைச் சில ஆங்கில நூல்கள் மிகுந்த மதிப்புடன் பதிவு செய்துள்ளன. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெருநூலின் இரு தொகுதிகள் 1988இலும் 1991இலும் வெளிவந்தன. தமிழ்த் துறைகளில் இப்பொருள் பெற்றிருக்கும் இடம் அவ்வளவு பெரிதன்று என்பது வருந்தத்தக்கது.

படுகளத்தின் முடிவு இன்னும் சிறப்பு. துரியோதனன் சிதைக்கப்பட்டபின் மக்கள் அம்மண்ணை அள்ளிச் சென்று வீட்டிலும் குதிரிலும் வயலிலும் இடுவர், விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கையால். காலையில் கண்டு நடுங்கிய பேருடல் மாலைக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியாகிவிடுகிறது. பர்க் வேண்டிய தொலைவுக்கு இங்கே இடமே இல்லை. அச்சத்தைத் தாங்கத்தக்கதாக்குவது, அதன் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் மரபு வகுத்த செயலாகும். பிடிமண் கொடுத்துத் தொடங்குவதும் பிடிமண் அள்ளி முடிப்பதும் அத்தகைய செயல்களே.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் இதே நெறி இன்னொரு வடிவில் வழங்குகிறது. கொளஞ்சியப்பருக்கு மனித உருவம் இல்லை. பலிபீட வடிவில் கல்லாக எழுந்தருளியிருக்கிறார். இழப்பும் அநீதியும் கண்டோர் தம் குறையை வழக்கு மனுப்போல் தாளில் எழுதி அவர் திருமுன் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டுவர். பிராது கட்டுதல் என்பது அதற்குப் பெயர். மனுதாரரின் ஊர்த் தொலைவைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறுவதும், 90 நாளில் தீர்வு வரும் என நம்புவதும், தீர்ந்தபின் பிராதைத் திரும்பப் பெறுவதும் உண்டு. இங்கே பேருருவோ பல்லோ விழியோ இல்லை. காற்றில் அசையும் எண்ணற்ற தாள்களே உண்டு. ஒவ்வொரு தாளிலும் யாரோ ஒருவரின் பெயரும் யாரோ ஒருவர்மேல் குற்றச்சாட்டும் இருக்கிறது. தன்மேல் பிராது கட்டப்பட்டதெனக் கேள்விப்பட்டவன் அன்றிரவு உறங்குவது கடினம். தொல்காப்பியர் நான்காவதாகக் கூறிய இறையச்சம் இதனினும் சுருங்கிய பொருள்களால் எழுப்பப்பட முடியுமா என்பது ஐயமே.

இவ்வெளிகளை அழகியல் நோக்கில் மட்டும் வியந்து நிற்றல் பொருந்தாது. அச்சம் ஊரைக் காத்தது என்றால், ஊர் என்பது யார் என்ற கேள்வி எழும். சேரிக்கும் ஊருக்கும் இடையே கிழிக்கப்பட்ட எல்லைக்கும் இத்தெய்வங்களே காவல் என்று ஆக்கப்பட்ட வரலாறும் உண்டு. சில முனியப்பர் கோயில்களில் பெண்கள் நுழைவதில்லை. புறநானூற்றின் 256ஆம் பாடலில் ஒரு பெண் வேட்கோவனை நோக்கி, இறந்த கணவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். 228ஆம் பாடலோ, மாண்ட சோழனின் புகழுக்கு ஏற்ற தாழியை எப்படி வனைவாய் என அதே தொழிலாளனை இரங்கி வினவுகிறது. ஒன்று மன்னனின் பெருமை, மற்றது பெயரறியாப் பெண்ணின் தனிமை. பானை வனைபவன் கையில் இரண்டும் மண்ணளவாகவே வந்து சேர்ந்தன. அச்சத்தின் கலைவரலாற்றை எழுதுவோர் இவ்விரு தாழிகளையும் அடுத்தடுத்து வைத்தே எழுதவேண்டும்.

சுடுமண் குதிரைகள் காட்சியகங்களுக்குச் சென்ற கதையும் நீண்டது. 1968இல் பிலடெல்பியாவில் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அமைத்த கண்காட்சி, இந்தியச் சிற்றூர்ச் சடங்குக் கலைகளை மேலைநாட்டார் வியக்கும்படி முன்வைத்தது. தில்லிக் கைவினை அருங்காட்சியக முற்றத்திலும், 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. அவற்றைச் செய்த கைகளுக்கு இதனால் மதிப்பு கிடைத்தது; மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே குழந்தைகள் குதிரையின் காலைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கின்றனர். மருட்கை வண்டியேறி வந்துவிட்டது. அச்சம் ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டது. யாரும் நேர்ந்துகொள்ளாத குதிரை யாரையும் தண்டிப்பதில்லை அல்லவா?

ஏரிக்கரையிலும் நிலை மாறிவருகிறது. புதிதாகச் செய்யப்படும் பல குதிரைகள் சிமெண்டால் ஆனவை. சோலைகள் சில, சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் ஓடுபதித்த தரையும் பெற்றுவிட்டன. சிமெண்டுக் குதிரையில் விரிசல் கண்டால் பூசி வண்ணமடிப்பர். சுடுமண் குதிரை விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுத்து எறியும் வழக்கமில்லை. தலையற்ற உடலும் உடலற்ற காலும் வேர்களுக்கிடையே புதைந்து கிடக்க, அவற்றின் அருகில் அடுத்த குதிரை எழும். சோலைக்கு அதன் ஆழத்தைத் தந்தது இந்த உடைந்த கூட்டமே. பல தலைமுறை நேர்ச்சைகள் ஒரே பார்வையில் தெரிந்த இடம் அது. செப்பனிடப்பட்ட கோயிலில் ஒரே தலைமுறைதான் தெரிகிறது.

மண்ணையும் நெருப்பையும் கொண்டு மனிதர் நுழையத்தக்க வெளியை அமைக்கலாம் என்பதை நடுநாட்டின் அண்மையிலேயே ஒருவர் செய்துகாட்டினார். 1971இல் புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்துடன் மட்பாண்டப் பட்டறை தொடங்கிய ரே மீக்கர், 1980களில் பச்சை மண்ணால் வீடுகளைக் கட்டி, அவற்றையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டார். வீடு முழுவதும் ஒரே பாண்டமாக வெந்தது. நின்ற இடத்திலேயே குதிரையைச் சுட்ட வேளாரின் முறைக்கும் அவரது முயற்சிக்கும் உள்ள உறவு ஆய்வுக்குரியது.

விருத்தாசலத்தில் பீங்கான் பயிலும் மாணவருக்கு 1,200 பாகைக்கு மேல் எரியும் சூளையின் இயல்பு பாடமாக உண்டு. வைக்கோல் சூளையில் ஆளுயரத்தின் இருமடங்கு உருவை வெடிக்காமல் வேகவைக்கும் கணக்கு அவர்களது பாடத்தில் இல்லை. அது சில முதிய வேளார்களின் கையில் மட்டுமே இருக்கிறது. மணலும் உமியும் எவ்வளவு, காலுக்கும் வயிற்றுக்கும் இடையே எத்தனை நாள், காற்றுத்துளை எந்தப் பக்கம் என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைக்கவேண்டும். இலக்கிய மன்றத்தார் செல்வதற்கு அது தொலைவான இடமும் அன்று. ஏரிக்கு நீர் வருமுன், மண் எடுக்கும் கோடைமாதங்களில் சென்றால் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.